கல்லில் ஏறாத ஒரு வரி

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்திருந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவிடம் படித்த பிள்ளைகளுக்கும், ஓசூரில் எங்களோடு பழகிய அனைவருக்கும் வணக்கம். குடும்பத்தில் எழுதத் தெரிந்தவர்கள் பலர் இருக்க, இந்தப் பொறுப்பை இளைய தம்பியான என் தலையில் கட்டியவர் அத்தான். "அவகூட அதிகமா சண்ட போட்டவன் நீதான், நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். அச்சகத்துக்காரர் போன் மேல் போன் போடுகிறார். நான் உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், மொட்டை மாடிக்குப் போய் ஹைவேயில் போகிற லாரிகளைப் பார்த்துவிட்டு மறுபடியும் வந்து உட்காருகிறேன். அக்காவைப் பற்றி அமைதியாக எழுதுவது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. அவரும் ஓர் இடத்தில் அமைதியாக இருந்தவர் அல்லர்.

அக்கா பிறந்தது அருப்புக்கோட்டையில். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். மில் மூடிய சமயத்தில்தான் அக்கா பள்ளிப் படிப்பை முடித்தார். வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடாக இருந்த நாளில், மதுரைக்குப் போய் நர்சிங் படிக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். "நர்ஸ் வேலைக்கு அனுப்பினா நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்று சொந்தத்தில் சிலர் அப்பாவிடம் வந்து சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களும் இந்த மலரை வாங்கியிருப்பார்கள். பெயர் போடவில்லை, பயப்பட வேண்டாம். எங்கள் அத்தான் தானாகவே வந்து பெண் கேட்டார்.

அத்தானுக்கு ஓசூரில் ஃபிட்டர் வேலை. அக்காவும் இங்கே வந்து தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்த்தார், மேலே படித்தார், பிறகு நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர் ஆனார். டிப்ளமோ முடித்ததும் நானும் அவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். சிப்காட் தொழிற்பேட்டையில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது. அக்காவுக்கும் அத்தானுக்கும் குழந்தை இல்லை. அதற்கு வருத்தப்படக்கூட அக்காவுக்கு நேரம் இருக்கவில்லை என்று எழுதினால் அது பொய். வருத்தப்பட்டார், நடந்துகொண்டே வருத்தப்பட்டார்.

காலில் சக்கரம் கட்டியவர் என்று சொல்வார்களே, அது அக்காவுக்கு அப்படியே பொருந்தும். நின்றுகொண்டே சாப்பிடுவார். யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே படுத்திருக்கிற பெரியவருக்குத் தலையணையைச் சரிசெய்துவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்குவார். கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிற வழியில் யாராவது காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் குனிந்து, "காலைத் தொட்டுப் பாக்குறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு விரலால் அழுத்திப் பார்ப்பார். "வீங்கியிருக்கே, சுகர் பாத்தீங்களா?" என்பார். எங்களுக்கு மானம் போகும். தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடுவது மட்டும் ஒருநாளும் தவறியதில்லை. "ஊசி போட யாரும் கத்துக்கலாம்டா. அடுத்தவங்க உடம்பு நமக்குச் சொந்தம் இல்லைன்னு புரிய வைக்கத்தான் இத்தனை வருசப் படிப்பு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் அப்போது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியை அணைத்துவிட்டு மறுபடியும் சொன்னார்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஓசூரைச் சுற்றி மனைகளும் கம்பெனிகளும் கல்லூரிகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு முளைத்தன. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் தொழிலில் சம்பாதித்த ஒருவர் முதலில் ஒரு மருத்துவமனை கட்டினார், அதன் பின்னாலேயே நர்சிங் கல்லூரியும் கட்டினார். அவரைத் தாளாளர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். அவர் கெட்டவர் அல்லர். அவசரக்காரர். அக்கா அங்கே பேராசிரியையாகச் சேர்ந்தார்.

கல்லூரி வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு கருங்கல் பலகை நின்றது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. நர்சிங் கல்லூரி என்றால் அதன் கல்வித் தத்துவத்தை எழுதி எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும், ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். தாளாளர் தன் சொந்தக் கல்லிலேயே அதைச் செதுக்கி வைத்திருந்தார். முதல் நாள் அக்கா அதை நின்று படித்தார். "கடலோர மீனவ மக்களின் நல்வாழ்வுக்கும், புயல் காலத் துயர்துடைப்புக்கும் அர்ப்பணித்துக்கொண்ட செவிலியரை உருவாக்குதல்" என்று இருந்தது. யாரோ ஓர் அலுவலர் எங்கோ ஒரு கடற்கரை ஊர்க் கல்லூரியின் கையேட்டைப் பார்த்து அப்படியே இறக்கியிருக்கிறார். கல் செதுக்கியவரும் செதுக்கிவிட்டார். ஓசூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க ஒரு பகலாகும். இதைத் தாளாளரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கல்லு நல்லா வந்திருக்குதாம்மா?" என்பதுதான்.

பிறகு அவரே சிரித்துவிட்டு, "நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்கம்மா. இன்ஸ்பெக்சன் வர்றதுக்குள்ள வேற கல்லு போட்டுடலாம்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அக்காவால் முடியவில்லை. எழுதுவார், கிழிப்பார், செருப்பை மாட்டிக்கொண்டு வார்டுக்குப் போவார். படுத்திருப்பவர்களிடம் கேட்பார். ஜூஜுவாடியில் லாரி மோதிக் கால் உடைந்த ஒரு கிளீனர் கன்னடத்தில், "வலிக்குதான்னு கேட்டா போதும் மேடம். கேக்காமலே திருப்பிப் போடறாங்க" என்று சொன்னாராம். உத்தனப்பள்ளியிலிருந்து வந்து பதினாலாம் கட்டிலில் படுத்திருந்த ஓர் அம்மாள், "உங்க பொண்ணுங்க நல்ல பொண்ணுங்கதான். ஆனா என்னைப் பதினாலு பதினாலுன்னு கூப்புடறாங்க. எனக்குப் பேரு இருக்குது" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே சொல்வார். நான் சாப்பாட்டுத் தட்டோடு பின்னாலேயே நடந்து கேட்பேன்.

கடைசியில் எழுதியது சிறியதுதான். நோயாளியின் நோயை அறியும் முன் அவர் பெயரை அறிய வேண்டும். அவர் மொழி தெரியாவிட்டால் அவரிடமே கற்றுக்கொள்ள வேண்டும். தவறு செய்தவர் அதைச் சொல்ல அஞ்சாத இடமாகக் கல்லூரி இருக்க வேண்டும். இப்படிப் போய்க் கடைசி வரியில் நின்றது: "இங்கு பயில்பவர் பயில வந்தவர்; ஆள் குறைந்த இடத்தை அடைக்க வந்தவர் அல்லர்."

அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் சம்பளத்துக்கு இருந்த நர்சுகள் மிகக் குறைவு. வார்டு ஓடியதே கல்லூரிப் பிள்ளைகளை வைத்துத்தான். காலையில் அக்கா வகுப்புக்குப் போனால் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். மீதிப் பாதி தூங்கிக்கொண்டிருக்கும். பாகலூரைச் சேர்ந்த நாகவேணி என்ற பெண் நின்றுகொண்டே தூங்குவாளாம். முட்டைக்கோசும் பூவும் போடுகிற குடும்பம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ் என்று மூன்றிலும் சரளமாகப் பேசுவாள். அதனால் வார்டில் எல்லாரும் அவளையே கூப்பிடுவார்கள். வகுப்புக்கு அவளை விடவே மாட்டார்கள்.

தாளாளர் தாளைப் படித்தார். எல்லாம் பிடித்திருந்தது. கடைசி வரியில் விரலை வைத்தார். "இது மட்டும் வேணாம்மா. கல்லுல ஏத்திட்டா நாளைக்கு எனக்கே ஆகாது" என்றார். அக்கா வாதாடிப் பார்த்தார். புதுக் கல் வந்தபோது அந்த வரி இல்லை. ஆனால் அதற்குள் அக்கா வகுப்பில் முழுவதையும் சொல்லிக் கொடுத்துவிட்டிருந்தார். கல்லில் இருப்பதை மட்டும் நினைவு வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை மறந்துவிடுங்கள் என்று பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆய்வுக் குழு வந்த நாளை அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நாகவேணியும் பின்னாளில் சொன்னாள். இரண்டும் ஒத்துப்போகின்றன. அன்று காலையில் வார்டுகளில் அக்கா அதுவரை பார்த்திராத நர்சுகள் வெள்ளையும் சொள்ளையுமாக நின்றார்கள். வேறு இடங்களிலிருந்து அன்றைக்கு மட்டும் அழைத்து வரப்பட்டவர்கள். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் கம்பெனியிலும் ஆடிட் என்றால் முந்தின நாள்தான் தரையில் மஞ்சள் கோட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்போம்.

வகுப்புக்குள் வந்த ஆய்வாளர் அம்மையார் வழக்கம்போலக் கேட்டார்: "உங்க காலேஜோட தத்துவம் என்ன? யாராவது சொல்லுங்க." நாகவேணி எழுந்து தடுமாறாமல் ஒப்பித்தாள், கடைசி வரி வரைக்கும். அம்மையார் தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"கடைசியா சொன்னது இதுல இல்லையேம்மா. யார் சொல்லிக் குடுத்தா?"

"மேடம்தாங்க."

அம்மையார் அக்காவின் பக்கம் திரும்பினார். "நல்ல வரி. இங்க அந்த மாதிரிதான் நடக்குதா?"

தாளாளர் வாசல் பக்கம் நின்று சிரித்தபடியே தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "ஆமாங்க" என்றால் கல்லூரி தப்பிக்கும், பிள்ளைகள் குறித்த நேரத்தில் பரீட்சை எழுதுவார்கள். ஒரே ஒரு சொல். அக்கா சொன்னார்: "இன்னும் நடக்கலைங்க. நடக்கணும்னுதான் எழுதினோம்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றுகொண்டு சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஆமான்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்லக்கா. ஊரே அப்படித்தான் சொல்லுது."

"அந்தப் பிள்ள அங்கதான்டா நின்னுகிட்டு இருக்கா. அவ முன்னாடி எப்படிச் சொல்ல?"

"அவளுக்காகத்தான் சொல்லியிருக்கணும்."

அக்கா வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். அத்தான் என்னைப் பார்த்து, போதும் விடு என்று கையைக் காட்டினார்.

மறுநாள் தாளாளர் அழைத்துக் கேட்டாராம்: "அம்மா, நான் கல்லு விக்கிறவன். கல்லுல விரிசல் இருந்தா, வாங்க வர்றவன்கிட்ட நானே போய்க் காட்டுவேனா?" அக்கா, "அது ஒருத்தர் தலைல விழும்னா காட்டித்தாங்க ஆகணும்" என்று சொல்லியிருக்கிறார். சில வாரங்களில் உத்தரவு வந்தது. தேவையான நர்சுகளை நியமித்து, விடுபட்ட வகுப்புகளை முழுவதும் நடத்திக் காட்டும் வரைக்கும் அந்தப் பிள்ளைகளின் இறுதிப் பரீட்சை நிறுத்தி வைக்கப்பட்டது. ஓர் ஆண்டு போயிற்று. தாளாளர் திட்டித் தீர்த்தார், திட்டிக்கொண்டே நர்சுகளை நியமித்தார். அக்காவைப் பார்த்து, "போறதுன்னா இந்தப் பொண்ணுங்கள பாஸ் பண்ண வச்சுட்டுப் போங்க" என்றார். அக்காவும் அதைத்தான் செய்தார். பிள்ளைகள் முதல் முறையாக முழுத் தூக்கம் தூங்கி வகுப்புக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு பரீட்சை எழுதித் தேறினார்கள். இன்று பெங்களூரிலும் துபாயிலும் வேலை பார்க்கிறார்கள்.

நாகவேணி மட்டும் அந்தப் பரீட்சையை எழுதவில்லை. குறித்த ஆண்டில் படிப்பு முடியும் என்று நம்பித்தான் அவள் அப்பா அனுப்பியிருந்தார். அவளுக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். ஒரு வருடம் கூடும் என்றதும் நிறுத்திவிட்டார். பாகலூருக்கு அக்காவை என் பைக்கில் நான்தான் அழைத்துப் போனேன், ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. அவள் அப்பா எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

"நீங்க நெசத்தச் சொன்னீங்க மேடம், செரி. எம் பொண்ணோட வருசத்த வச்சுச் சொல்லிட்டீங்க."

நாகவேணி சில மாதங்களில் ஜூஜுவாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் சேர்ந்தாள். பிறகு உள்ளூரிலேயே கல்யாணம் ஆயிற்று.

அக்கா கிருஷ்ணகிரியில் வேறொரு கல்லூரிக்குப் போனார். தினமும் பஸ். அங்கேயும் ஒவ்வொரு ஆண்டும் புதுப் பிள்ளைகள் வந்ததும் இந்த வரியைச் சொல்லிக் கொடுப்பார், நடந்த கதையையும் சொல்வார். கதையை வெற்றியாக முடிக்க மாட்டார். "நான் சொன்ன ஒரு பதில்ல ஒரு பொண்ணோட படிப்பு போச்சு. அதையும் சேத்துத் தெரிஞ்சுக்கங்க" என்று முடிப்பார். அங்கே படித்த ஒரு பெண் துக்கத்துக்கு வந்தபோது, அந்த வகுப்பைத்தான் மறக்க முடியவில்லை என்று என்னிடம் அழுதாள். தவறைச் சொல்ல அஞ்சாத இடமாகக் கல்லூரி இருக்க வேண்டும் என்று எழுதிய கை, தன் கணக்கிலும் அதைச் செய்தது. ஆனால் அது தவறுதானா என்பது அக்காவுக்குக் கடைசி வரை தெரியவில்லை. துணி மடித்துக்கொண்டிருப்பார், திடீரென்று என்னைப் பார்த்து, "நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்பார். "ஆமான்னு" என்பேன் நான். "ம்" என்று சொல்லிவிட்டு மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடிப்பார்.

இப்போது அக்கா இல்லாத வீட்டில் நான் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். காலையில் எழும்போது, ஆமாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கம்பெனிக்குப் போய், சரியில்லாத பாகத்துக்குச் சரி என்று முத்திரை குத்தச் சொல்லி யாராவது தோளில் கை போட்டால் அக்கா சொன்னதுதான் சரி என்று படுகிறது. வீட்டுக்கு வந்தால் பாகலூர்த் தோட்டமும் அந்த மனிதரும் கண்முன் வந்து நிற்கிறார்கள். படிக்கிற உங்களுக்கு முடிவு தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது, யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. பெங்களூரில் பார்க்க வேண்டியதைப் பார்த்தோம். பிறகு அவரே, "போதும், வீட்டுக்குப் போவோம்" என்றார். அவ்வளவு ஓடியவரைக் கட்டிலில் கிடத்துவது எங்கள் யாருக்கும் லேசாக இல்லை. காலை ஆட்டிக்கொண்டே இருப்பார். போர்வை சரியில்லை என்பார், ஜன்னலைத் திற என்பார், மூடு என்பார். மற்றவர்களுக்கு ஆயுள் முழுக்கச் செய்த ஒன்றைத் தனக்கு மற்றவர்கள் செய்வதை அவரால் தாங்க முடியவில்லை.

அந்த நாட்களில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர் அவர்களுக்கும், லீவு கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காத என் மேலாளருக்கும், அத்தானுடைய கம்பெனி நண்பர்களுக்கும், இரு வேளையும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாவுக்கும், ஊரிலிருந்து மாறி மாறி வந்து தங்கிய பெரியம்மா, சித்தி அவர்களுக்கும், கடைசி யாத்திரைக்கு வண்டி கொடுத்து உதவிய தாளாளர் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தாளாளர் வந்து அக்காவின் காலடியில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அக்கா படுக்கையில் விழுந்த சேதி கேள்விப்பட்டு, காலை ஷிப்ட் முடிந்த கையோடு கம்பெனி பஸ்சிலிருந்து இறங்கி நாகவேணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. முகம் கழுவி, முந்தானையைச் செருகிக்கொண்டு அக்காவின் அறைக்குள் போனாள். அன்று தொடங்கிக் காலை ஷிப்ட் இருந்த நாட்களில் வேலை விட்டும், மற்ற நாட்களில் காலையிலும் வந்தாள். உடம்பு துடைத்து, படுக்கைப் புண் வராமல் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டுப் போவாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டேன்.

"உனக்கு அக்கா மேல கோவமே இல்லியாம்மா?"

"இருக்குதுங்க" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

அக்காவும் அவளிடம் கேட்டார். கடைசி வாரத்தில் ஒரு நாள், நான் அறை வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்றபோது காதில் விழுந்தது.

"இன்னும் என் மேல கோவம்தான நாகு?"

"ஆமாங்க மேடம். தோளுக்கு அடில கை குடுக்கறேன், இந்தப் பக்கம் திரும்பிப் படுங்க."

அக்கா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். சொன்னபடியே திரும்பிப் படுத்தார். கால் ஆடவில்லை. அன்று பகல் முழுவதும் தூங்கினார்.

இளைய தம்பி,
ஓசூர்